ஒரு பெட்டியா, இரண்டு பெட்டியா?

(நமது பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாத பெற்றோர்களும் படிக்கட்டும் என்று இம்மலரில் வெளியிடப்படுகிறது.)

 

பரிசளிப்பு விழா நெருங்கிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், "டீச்சர், நீங்க ஏதாவது நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். எதைப் பேசலாம் என்று யோசித்தேன். பெரிய பெரிய விஷயங்களைப் பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பாடத்தையே பேசுகிறேன். தனிவாக்கியம் என்றால் என்ன, கூட்டுவாக்கியம் என்றால் என்ன, இரண்டையும் பிள்ளைகள் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்பதே அந்தப் பாடம்.

"இதையெல்லாம் எங்ககிட்ட ஏம்மா சொல்றே? நாங்க என்ன பரீட்சையா எழுதப் போறோம்?" என்று யாரோ பின்வரிசையில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். இது கட்டிவிட்ட கதை அல்ல, என் வீட்டில் நடந்தது.

நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா பால்மரம் வெட்டும் தொழிலாளி. ஒருநாள் மழையில் நிரைக்குள்ளே வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கிப் போனது. மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. "ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல கையெழுத்தில் இப்படி எழுதினேன்: "நேற்று மழை பெய்தது. அப்பாவுக்குக் காலில் அடி. அப்பா வேலைக்கு வரவில்லை." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

கடிதத்தை வாங்கிப் படித்தவர்கள், மழைக்காகத்தான் அப்பா வரவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மழை நின்ற பிறகு மற்றவர்கள் மரம் வெட்டினார்களே, இவர் ஏன் வரவில்லை என்று கேள்வி வந்தது. அப்பா காலை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், வீக்கத்தைக் காட்டி, நேரில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "நீ எழுதினது எல்லாம் சரிதாம்மா. ஆனா எதனாலே எதுன்னு நீ எழுதலையே" என்றார்.

அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். இலக்கணம் அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதுதான் நான் படித்த முதல் வாக்கிய இலக்கணம். மூன்று செய்தியும் மூன்று துண்டாகக் கிடந்தன. அவற்றைச் சேர்க்கும் ஒரு சொல் இல்லை. "மழையில் அப்பா வழுக்கி விழுந்தார், காலில் அடிபட்டது, ஆகவே அவரால் இன்று வேலைக்கு வர முடியவில்லை" என்று எழுதியிருந்தால் அந்த நடை மிச்சமாகியிருக்கும்.

பெற்றோர்களே, இனிப் பாடத்துக்கு வருவோம்.

ஒரு வாக்கியத்தில் செய்பவரைக் குறிக்கும் பகுதிக்கு எழுவாய் என்று பெயர். வாக்கியம் போய் முடிந்து நிற்கும் இடத்துக்குப் பயனிலை என்று பெயர். "அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார்." இதில் அம்மா எழுவாய், பொறுக்கினார் பயனிலை. ஒரு பயனிலையோடு நின்றுவிட்டதால் இது தனிவாக்கியம். "அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார், ஆனால் அத்தை வீட்டில் இருந்தார்." இங்கே முழுமையான இரண்டு செய்திகள் 'ஆனால்' என்ற சொல்லால் சேர்ந்திருக்கின்றன. இது கூட்டுவாக்கியம். சில இலக்கண நூல்கள் இந்த வகையைத் தொடர்வாக்கியம் என்றும் சொல்லும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பயிற்சி முடித்து வந்த புதிதில், "இரண்டு சேர்ந்து வந்தால் கூட்டு, பிள்ளைகளா" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பத்து வாக்கியங்களைப் பயிற்சியாகக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று, "அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போனார்கள்." ஒரு பையன் அதற்குக் கூட்டுவாக்கியம் என்று எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனாவால் தப்பு என்று போட்டேன். அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "டீச்சர், நீங்கதானே ரெண்டு சேர்ந்தா கூட்டுன்னு சொன்னீங்க? அம்மா ஒண்ணு, அத்தை ஒண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்துதானே போனாங்க?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவன் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு சேர வேண்டும் என்று சொன்ன நான், எந்த இரண்டு என்று சொல்லவில்லை. அவன் ஆள்களை எண்ணினான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை காற்புள்ளியை எண்ணியிருந்தாள். இன்னொருவன் நீளமான வாக்கியமெல்லாம் கூட்டு, குட்டையானதெல்லாம் தனி என்று முடிவு கட்டியிருந்தான். பிழை பிள்ளைகளிடம் இல்லை, பாடம் சொன்னவளிடம் இருந்தது. அவன் புத்தகத்தில் போட்ட சிவப்புக் கோட்டை அன்றைக்கே அழித்துக் கொடுத்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் கெமாஸ் இரயில் பாதையோரம் வண்டி போவதற்காக நின்றுகொண்டிருந்தேன். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அப்போதுதான் மனத்தில் பட்டது, இதைவிட நல்ல பாடப்பொருள் நமக்கு எங்கே கிடைக்கும் என்று.

கெமாஸ் என்றால் மலேசியாவில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இரயில் சந்திப்புதான். இங்கிருந்து தெற்கே ஜொகூர் பாருவுக்குப் போகும் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. கிழக்குக் கரையில் கிளந்தானில் உள்ள தும்பாட் வரை போகும் பாதை 1931-இல் முழுமையடைந்தது. அந்தப் பாதை கிளை பிரிவது நம் கெமாஸில். மலாயாவில் தண்டவாளம் போட்ட கைகளில் தமிழ்த் தொழிலாளர்களின் கைகளும் இருந்தன. நம் பிள்ளைகள் பெட்டிகள் கோத்து ஓடுவதைப் பார்த்து வளருகிறவர்கள்.

மறுநாள் வகுப்பில் இப்படிச் சொன்னேன்: "தனிவாக்கியம் ஒரு பெட்டி. கூட்டுவாக்கியம் கொக்கி போட்டுச் சேர்த்த பெட்டிகள். கொக்கியைக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியும் சொந்தச் சக்கரத்தில் தனியாக நிற்க வேண்டும். நின்றால் அது கூட்டு."

அந்தப் பையனையே எழுப்பிக் கேட்டேன். "அம்மாவும் அத்தையும் கோயிலுக்குப் போனார்கள். இதில் எத்தனை பெட்டி?" கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒரு பெட்டிதான் டீச்சர். உள்ளுக்கு ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க" என்றான். வகுப்பே சிரித்தது. ஒரு பெட்டியில் இரண்டு பேர் ஏறினால் அது இரண்டு பெட்டியாகிவிடாது என்பது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

பிறகு ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். செலவில்லாத பாடப்பொருள்! நான் வாக்கியத்தைப் படிப்பேன். வாக்கியம் எங்கே முடிந்து நிற்கிறதோ அங்கே ஒரு கொட்டையை மேசைமேல் வைக்க வேண்டும். கடைசியில் கொட்டைகளை எண்ண வேண்டும்.

"விடியற்காலையிலே, இருட்டிலே, கொசுக்கடியிலே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்பா பால்மரம் வெட்டப் போனார்." எவ்வளவு நீளம்! ஆனால் வாக்கியம் நிற்பது 'போனார்' என்ற ஓர் இடத்தில்தான். ஒரு கொட்டை. நீளமான பெட்டியும் ஒரு பெட்டிதான். நடுவில் வரும் 'கட்டிக்கொண்டு' என்பது முடியாத வினை. இலக்கணத்தில் இதை எச்சம் என்பார்கள். எச்சம் என்றால் மிச்சம் இருப்பது என்று பொருள். 'கட்டிக்கொண்டு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், "கட்டிக்கொண்டு என்ன செய்தார்?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அங்கே கொட்டை வைக்கக் கூடாது.

"அண்ணன் பாடுவான், ஆடுவான், பந்து விளையாடுவான்." 'ஆனால்', 'ஆகவே' என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் மூன்று கொட்டை. ஓர் இஞ்சின், மூன்று பெட்டி.

"இது எங்கள் பள்ளி." வினைச்சொல்லே இல்லை. ஆனாலும் 'பள்ளி' என்ற இடத்தில் செய்தி முடிந்து நிற்கிறது. ஒரு கொட்டை, தனிவாக்கியம்.

"மழை பெய்தது, அதனால் அப்பா வேலைக்குப் போகவில்லை." இரண்டு கொட்டை, கூட்டுவாக்கியம். "மழை பெய்ததால் அப்பா வேலைக்குப் போகவில்லை." பொருள் ஒன்றுதான். ஆனால் கொக்கியைக் கழற்றிப் பாருங்கள். 'மழை பெய்ததால்' என்பது தனியாக நிற்காமல் சாய்ந்து விழுகிறது. தனக்குச் சக்கரமில்லாமல் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்கிறது. இதைக் கலவைவாக்கியம் என்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு முதலிலேயே இதைப் போட்டுக் குழப்பாமல், தனியும் கூட்டும் நன்றாகப் பழகிய பிறகு சொல்லிக் கொடுக்கிறேன்.

இதில் தமிழுக்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்க்கும் சொல் பெரும்பாலும் தனிச்சொல்லாக வந்து நிற்கும். "சாயா தீடாக் டாத்தாங் கெரானா சாயா டெமாம்" என்றால் நடுவிலே 'கெரானா' கண்ணுக்குத் தெரிகிறது. தமிழிலோ 'வந்ததால்', 'வந்தால்', 'வந்தாலும்', 'வந்தபோது' என்று வினையின் வாலிலேயே கொக்கி ஒளிந்திருக்கும். ஆகவே சேர்க்கும் சொல்லை மட்டும் தேடிப் பிடிக்கிற பிள்ளை தமிழில் ஏமாந்துபோகும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று பார்க்கிற பிள்ளை ஏமாறாது. நம் முன்னோர்களுக்கு இது தெரியும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஒன்பது இயல்கள் இருக்கின்றன. கடைசி இயலுக்குப் பெயரே எச்சவியல். அந்தக் காலத்து ஓலைச்சுவடிகளில் இன்று நாம் போடும் காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் கிடையாது. படிக்கிறவர் வினை முடிகிற இடத்தைக் கண்டுதான் வாக்கியம் முடிந்ததை அறிந்துகொண்டார்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் ஒரு முக்கியமான செய்தி சொல்ல வேண்டும். "எம் பிள்ளைக்குத் தோட்டத்துப் பேச்சுதான் டீச்சர் வருது, இலக்கணமெல்லாம் எங்க வரப்போவுது?" என்று சில தாய்மார்கள் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்படாதீர்கள். இடைவேளை நேரத்தில் ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், நேத்து மழ பேஞ்சிச்சி, அதான் பஸ் லேட்டு, ஆனா நான் ஓடியாந்துட்டேன், ஏன்னா இன்னைக்கி எனக்குப் பரிசுன்னு சொன்னீங்கல்ல" என்றது. ஒரே மூச்சில் எத்தனை கொக்கிகள் பாருங்கள்! அதே பிள்ளை கட்டுரை எழுதும்போது, "மழை பெய்தது. பஸ் தாமதம். நான் ஓடி வந்தேன்." என்று துண்டு துண்டாக வெட்டி வைக்கிறது. ஏன்? பேச்சில் இருக்கும் கொக்கிகளுக்கு எழுத்தில் என்ன பெயர் என்று அதற்குத் தெரியவில்லை. தெரியாததால் தப்பாகிவிடுமோ என்று பயந்து விட்டுவிடுகிறது.

அதனால் என் வகுப்புச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் 'அதான்', ஏட்டில் 'ஆகவே' அல்லது 'அதனால்'. வீட்டில் 'ஆனா', ஏட்டில் 'ஆனால்'. வீட்டில் 'ஏன்னா', ஏட்டில் 'ஏனென்றால்'. வீட்டில் 'இருந்தாலும்', ஏட்டிலும் அதேதான், வேண்டுமானால் 'ஆயினும்'. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் சரக்கு குறைந்த சரக்கு அல்ல. அதற்குப் பள்ளிக்கூட உடுப்பு மாட்டிவிடுவதுதான் எங்கள் வேலை.

இன்னொரு கேள்வியும் வருகிறது. "யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே 2021-இல் எடுத்துவிட்டார்களே, இனி இலக்கணம் எதற்கு?" என்கிறார்கள். தேர்வு போனாலும் பாடம் போகவில்லை. 2011-இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்திலும் தமிழ்மொழிப் பாடத்தில் இலக்கணத்துக்கு இடம் உண்டு. படிவம் ஒன்றுக்குப் போனால் மலாய்ப் பாடத்தில் 'ஆயாட் துங்கால்', 'ஆயாட் மஜ்முக்' என்று இதே வகையான பாடம் அங்கேயும் காத்திருக்கும். தாய்மொழியில் வாக்கியத்தைக் கழற்றிப் பூட்டப் பழகிய பிள்ளை அங்கே திகைத்து நிற்காது.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய்விட்டோம். சிலர் இன்னும் லயத்திலேயே இருக்கிறோம். எங்கே இருந்தாலும் கடிதமும் பாரமும் நம்மை விடுவதில்லை. விடுப்புக்கு எழுத வேண்டும், உதவிக்கு எழுத வேண்டும், குறையைச் சொல்ல எழுத வேண்டும். "தண்ணீர் வரவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை." என்று எழுதினால் படிக்கிறவர் அவை இரண்டு வேறு செய்திகள் என்று நினைத்துக்கொள்ளலாம். "மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, அதனால் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம், ஆகவே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது" என்று எழுதினால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. காரணத்தையும் விளைவையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் நியாயத்தைச் சொல்லத் தெரியும்.

மாணவச் செல்வங்களே, இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் கோத்துக்கொண்டே போகாதீர்கள். போன வருடம் ஒரு கட்டுரையில், "பிறகு எழுந்தேன் பிறகு குளித்தேன் பிறகு சாப்பிட்டேன்" என்று ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக வந்தது. அளவுக்கு மேல் பெட்டி கோத்தால் இஞ்சின் இழுக்காது. தனிவாக்கியத்துக்கும் மதிப்பு உண்டு. "தண்டவாளத்தில் நடக்காதே" என்ற எச்சரிக்கையைக் கூட்டுவாக்கியத்தில் எழுதினால் படித்து முடிப்பதற்குள் வண்டி வந்துவிடும். செய்தி ஒன்றானால் தனியாகச் சொல்லுங்கள். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்றால் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது மூன்றே உதவிகள். முதலாவது, பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் "இன்னைக்கி என்ன நடந்திச்சி?" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு வார்த்தையில் பதில் சொன்னால், "ஏன்?" "அப்புறம் என்ன ஆச்சி?" என்று இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளில்தான் கூட்டுவாக்கியம் பிறக்கிறது. இரண்டாவது, பிள்ளை பேசும்போது பேச்சுத் தமிழுக்காகக் கேலி செய்யாதீர்கள். மூன்றாவது, வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தால் பிள்ளையை எழுதச் சொல்லி, அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுத்துக் கூட்டத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. எதனாலே எது என்று அதில் இருக்கிறதா என்பது உங்கள் காதுக்குத் தெரியும். என் அப்பாவின் காதுக்குத் தெரிந்ததே!

இந்த ஆண்டு பரிசு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு என் பாராட்டுகள். வாங்காத பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம். ரப்பர் கொட்டையை முதல் நாள் தப்பாக வைத்த பையன்தான் இன்று பக்கத்துப் பிள்ளைக்கு, "அங்க வைக்காதே, இன்னும் முடியல" என்று சொல்லிக் கொடுக்கிறான்.